உலகைச் சுற்றுபவனுக்கு ஊரைக் காட்டாத கப்பல்கள்

கம்பெனி அதிகாரி ஒருவர் வேலை நிமித்தம் பாரிஸ் நகருக்குப் போகிறார். திங்கள் முதல் வெள்ளி வரை கூட்டம், பேச்சு, கையெழுத்து. அதன்பின் சனி, ஞாயிறு இரண்டு நாளையும் சேர்த்துக்கொள்கிறார். ஈபெல் கோபுரம் ஏறுகிறார்; லூவர் காட்சிச்சாலையில் மோனாலிசாவைக் காண்கிறார்; சேன் நதிக்கரையில் காற்று வாங்குகிறார். போகவர விமானச் சீட்டு கம்பெனியுடையது. இரண்டு நாள் ஓட்டல் வாடகைதான் அவருடையது. மேல்நாட்டார் இதற்கு ஒரு பெயரே சூட்டிவிட்டார்கள். ‘பிஸினஸ்’ என்பதையும் ‘லெஷர்’ என்பதையும் ஒட்டவைத்து, ‘பிளெஷர்’ என்கிறார்கள்!

இதிலே குற்றம் காண நாம் புறப்படவில்லை. உழைக்கப் போன ஊரைக் கண் குளிரப் பார்த்துவிட்டு வருவது மனித இயல்பு, பார்க்கட்டும். நாம் கேட்பது வேறு. வேலைக்காக வெளிநாடு போகிறவர் அதிகாரி மட்டும்தானா? மாதம் ஒரு நாடு, வாரம் ஒரு துறைமுகம் என்று ஆண்டு முழுதும் உலகைச் சுற்றுகிற தொழிலாளி ஒருவன் உண்டே, அவனுக்கு இந்த வாய்ப்பு உண்டா?

கப்பல் தொழிலாளியைத்தான் சொல்கிறோம், தோழர்களே!

உலக வாணிபக் கப்பல்களில் ஏறத்தாழ 18 லட்சத்து 90 ஆயிரம் பேர் உழைக்கிறார்கள். இது 2021-இல் கப்பல் முதலாளிகளின் அமைப்புகளே தந்த கணக்கு. மாலுமிகளை அதிகமாக அனுப்பும் நாடுகளின் வரிசையில் இந்தியாவும் முன்னணியில் நிற்கிறது. தூத்துக்குடியிலிருந்தும் சென்னையிலிருந்தும் போன நம் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு. “எங்கள் பையன் உலகம் சுற்றுகிறான்” என்று தாய் பெருமை பேசுகிறாள். பையன் எதைப் பார்க்கிறான்?

ராட்டர்டாமுக்குப் போனேன் என்பான். அவன் கப்பல் கட்டிய இடம் மாஸ்விளாக்டே. கடலைத் தூர்த்து எழுப்பிய அந்தத் துறைமுகத்திலிருந்து நகரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அவன் கண்டது கிரேனும் பெட்டியும் முள்வேலியும்! நியூயார்க்குக்குப் போனேன் என்பான். கப்பல் நின்றது நியூவார்க் துறைமுகத்தில். தொலைவிலே வானளாவிய மாளிகைகள் தெரியும்; சுதந்திர தேவியின் சிலையும் தெரியும். ஆனால் அமெரிக்க விசா கையில் இல்லாதவன் ஏணியை விட்டு இறங்கக் கூடாது. சுதந்திரத்தின் சிலையைக் கப்பலின் தட்டிலே நின்று கைதியைப்போலப் பார்த்துவிட்டு, இஞ்சின் அறைக்குத் திரும்ப வேண்டியதுதான்!

முன்பு இப்படி இல்லை. மூட்டை மூட்டையாகச் சரக்கு இறக்கிய காலத்தில் கப்பல் பல நாட்கள், சில வேளை வாரக்கணக்கில் துறைமுகத்தில் நின்றது. மாலுமி கரையிறங்கினான், கடைவீதி கண்டான், பிள்ளைக்குப் பொம்மை வாங்கினான். 1956 ஏப்ரல் 26-ஆம் நாள் ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. கன்டெய்னர் யுகம் பிறந்தது. இன்று ஆயிரக்கணக்கில் பெட்டி சுமக்கும் கப்பலும் பல துறைமுகங்களில் ஒரு நாளுக்குள் வேலை முடித்துக் கிளம்பிவிடுகிறது. அவ்வளவு பெரிய கப்பலில் ஆட்கள் எத்தனை? இருபது, இருபத்தைந்து பேர்! கரை சேர்ந்தவுடன் சரக்குக் காவல், எண்ணெய் ஏற்றம், உணவுச் சாமான் ஏற்றம், தணிக்கை அதிகாரிகளின் வருகை. அந்த ஒரு நாளும் அவனுக்கு ஓய்வு நாளாக இல்லை, இரட்டை வேலை நாளாகிறது.

போதாக்குறைக்கு 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த தாக்குதல் இருக்கிறதே, அதன் பலனும் மாலுமியின் தலையில் விழுந்தது. 2004 ஜூலையில் புதிய துறைமுகப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. வாயிலில் காவல், கையில் அனுமதிச் சீட்டு. பல துறைமுகங்களில் உள்ளே நடந்து போகவும் தடை. வண்டி வைத்துப் போக வேண்டும், வாடகை அவன் பையிலிருந்து!

சட்டம் இல்லையா? இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2006-இல் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அது 2013 ஆகஸ்டு 20-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015-இல் ஏற்றது. மாலுமியின் உடல்நலத்துக்காகவும் மனநலத்துக்காகவும், கப்பல் வேலைக்கு ஒத்த முறையில், கரையிறங்க விடுப்பு தரவேண்டும் என்று அது கூறுகிறது. ஒரு நாளில் 10 மணி நேரம், ஒரு வாரத்தில் 77 மணி நேரம் ஓய்வு என்றும் ஒரு வழியை அது வகுத்திருக்கிறது. மாலுமி அடையாளச் சீட்டு பற்றிய 2003-ஆம் ஆண்டு உடன்படிக்கையோ, கரையிறங்க விசா கேட்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. இந்தியா அதை ஏற்றிருக்கிறது, அமெரிக்கா ஏற்கவில்லை! 2025-இல் ஜெனீவா மாநாடு கரை விடுப்பை மேலும் வலுப்படுத்தும் திருத்தங்களை ஏற்றது. ஏடு நிறைய உரிமை. ஆனால் “வேலைக்கு ஒத்த முறையில்” என்கிற அந்த ஒரு வாசகத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள முதலாளிக்கா வழி தெரியாது?

கொரோனா காலத்தில் நடந்தது என்ன? 2020-இன் இறுதியில் ஏறக்குறைய 4 லட்சம் மாலுமிகள் ஒப்பந்தக் காலம் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் கப்பலிலேயே கிடந்தார்கள். உலகுக்கு உணவும் மருந்தும் கொண்டுவந்தவன் உலகத்தின் எந்தக் கரையிலும் கால் வைக்க முடியவில்லை. சரக்குக்குக் கதவு திறந்தது. சுமந்து வந்தவனுக்குக் கதவு சாத்தப்பட்டது!

“நல்ல சம்பளம் தருகிறோமே, சுற்றுலா வேறு கேட்கிறானா?” என்று கேட்பவர் உண்டு. அவருக்கு ஒரு செய்தி. 1989 மார்ச் 24-இல் அலாஸ்கா கடலில் ‘எக்ஸான் வால்டீஸ்’ என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதியது. ஒரு கோடி காலனுக்கு மேல் எண்ணெய் கடலில் கலந்தது. ஆராய்ந்த அமெரிக்க அரசின் விபத்து விசாரணைக் குழு சொன்ன காரணங்களுள் ஒன்று, கப்பலை நடத்திய மூன்றாம் அதிகாரியின் களைப்பும் அளவுக்கு மீறிய வேலைப் பளுவும். ஓய்வை மறுத்து மிச்சம் பிடிக்கிற காசைக் கடலும் கரையும் வட்டியோடு கட்டுகின்றன!

“நேரம் பொன்னானது, கப்பலை நிறுத்தி வைக்க முடியுமா?” என்பார் இன்னொருவர். கப்பலை நிறுத்து என்று எவன் கேட்டான்? ஆட்களைக் கூட்டு; முறை வைத்து நாலு மணி நேரம் இறங்க விடு; வாயிலுக்கு ஒரு வண்டி விடு என்பதுதானே கோரிக்கை!

ஊர் பார்ப்பது உல்லாசக்காரர் உரிமை என்றுதான் ஒரு காலத்தில் பிரெஞ்சு முதலாளிகளும் நினைத்திருந்தார்கள். 1936 மே, ஜூன் மாதங்களில் பிரான்சுத் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை சட்டமாயிற்று. ரயில் கட்டணத்தில் 40 சதவிகிதச் சலுகையும் கிடைத்தது. அந்தக் கோடையில் முதன்முதலாகக் கடலைக் கண்ட ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் ஏராளம். கடல் அவர்கள் நாட்டில்தான் இருந்தது. போராட்டம்தான் அதை அவர்கள் கண்ணுக்குக் காட்டியது!

கடலைக் காணத் தொழிலாளி அன்று போராடினான். கரையைக் காணத் தொழிலாளி இன்று போராட வேண்டியிருக்கிறது.

கோரிக்கைகள் எளியவை. ஒவ்வொரு துறைமுகத்திலும் கப்பலிலிருந்து வாயில் வரை இலவச வண்டி. மாலுமியின் அடையாளச் சீட்டே கரையிறங்கப் போதும் என்ற நிலை. எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்கு மறுத்தார்கள், ஏன் மறுத்தார்கள் என்பதற்குக் கப்பலில் ஒரு பதிவேடு. ஓய்வு நேரத்தைக் கணக்குப் புத்தகத்தில் மட்டும் காட்டாமல் உண்மையிலே தரும் அளவுக்கு ஆட்கள்.

முதலில் நம் வீட்டு வாசலில் தொடங்குவோம். நம் துறைமுகத் தொழிலாளர் சங்கங்கள், சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் வரும் பிலிப்பைன்ஸ் தோழனுக்கும் உக்ரேன் தோழனுக்கும் கரைக்கதவு திறக்கிறதா என்று கேட்கட்டும். அவன் மெரினா மணலில் நடக்கும் உரிமைக்கு நாம் குரல் கொடுத்தால், நம் பிள்ளை ராட்டர்டாம் வீதியில் நடக்கும் உரிமைக்கு அங்குள்ள துறைமுகத் தொழிலாளி குரல் கொடுப்பான். தொழிலாளர் ஒற்றுமைக்குப் பொருள் அதுதானே!

அதிகாரியின் சனி ஞாயிறைப் பறிக்கச் சொல்லவில்லை, தோழர்களே! மாலுமிக்கு நாலு மணி நேரம் கேட்கிறோம்.