காந்தப்புலத்தில் ஆற்றல் உண்டா?

காந்தத்தைக் கையில் எடுத்து விளையாடாத சிறுமியர் உண்டோ? அந்த எளிய பொருள் எங்கள் பத்தாம் வகுப்பையே இரு கட்சிகளாக்கிவிட்டது!

எங்கள் தோழியின் தந்தை ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்தாராம். எரிபொருளும் மின்சாரமும் இன்றிக் காந்தத்தால் மட்டுமே ஓயாது ஓடும் இயந்திரமாம். முன்பணம் கட்ட வேண்டுமாம். “காந்தம் எத்தனை ஊசிகளை இழுத்தாலும் களைப்பதில்லை, அதன் ஆற்றல் வற்றாதது” என்றனர் சிலர். “காந்தப்புலம் கண்ணுக்கே தெரியாதே; அதில் ஆற்றல் ஏது?” என்றோம் மற்றவர்கள். இரு சாராரும் தவறு என்பதைப் பிறகே உணர்ந்தோம்.

இரு காந்தங்களின் வடமுனைகளை நெருக்கிப் பிடித்தோம், கை வலித்தது. விட்டதும் அவை விலகி ஓடின. எங்கள் கை செய்த வேலை எங்கே தங்கியிருந்தது? காந்தங்களைச் சூழ்ந்த புலத்தில்தான்.

எல்.இ.டி. விளக்குகள் பரவுமுன் வீடுதோறும் எரிந்த குழல்விளக்கும் இதற்குச் சான்று. அதன் ‘சோக்’ என்பது இரும்பின்மேல் சுற்றிய கம்பிச்சுருள். மின்னோட்டம் பாயும் கம்பியைச் சுற்றிக் காந்தவிளைவு உண்டு என்பதை 1820-இல் ஓர்ஸ்டெட் கண்டார். மாறும் காந்தப்புலம் மின்சாரத்தைத் தூண்டும் என்பதை 1831-இல் ஃபாரடே கண்டார். ‘ஸ்டார்ட்டர்’ மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கணத்தில் சோக்கின் புலம் மறைகிறது. தன்னிடமிருந்த ஆற்றலை உயர் மின்னழுத்தமாகத் திருப்பித் தருகிறது. அந்த உந்துதலால் விளக்கு பளிச்சென எரிகிறது.

எவ்வளவு ஆற்றல்? 1 டெஸ்லா வலிமையுள்ள புலத்தின் ஒரு கன மீட்டரில் சுமார் 4 லட்சம் ஜூல் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க இது போதும்! புலத்தின் வலிமை இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், 2008 செப்டம்பர் 19 அன்று, பெரும் மின்காந்தங்களை இணைத்த ஓர் இணைப்பு பழுதடைந்தது. புலத்தில் தேங்கியிருந்த ஆற்றல் கட்டுமீறி வெளிப்பட்டது. பல டன் ஹீலியம் கசிந்தது; இயந்திரம் ஓராண்டுக்கு மேல் நின்றுபோயிற்று.

ஆகவே, காந்தப்புலத்தில் ஆற்றல் உண்டு. ஆனால் அது வற்றாத ஊற்றன்று, உண்டியல் போன்றது. போட்டதைத்தான் எடுக்கலாம். காந்தம் ஊசியை இழுக்கையில் செலவாகும் ஆற்றலை, ஊசியைப் பிரித்தெடுக்கும் நம் கையே திருப்பிச் செலுத்துகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வரவும் செலவும் சரியாகிவிட்டால், இயந்திரத்தை ஓட்ட மிச்சம் ஏது? உராய்வுக்குக் கொடுக்கக்கூட ஒன்றுமிராதே!

இக்கணக்கைத் தோழி வீட்டில் விளக்கினாள். தந்தை பணம் கட்டவில்லை. பாடநூலில் படித்தது ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காத்தது என்பதில் எங்களுக்கெல்லாம் பெருமகிழ்ச்சி. அன்புத் தோழியரே, வியப்பூட்டும் எதைக் கண்டாலும், “இதற்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது?” என்று கேட்கப் பழகுவோமாக!