செக்ரட்டேரியட்: கடிகாரமே சாட்சி

பந்தயக் குதிரையின் பெருமையை வெற்றிகளின் எண்ணிக்கையால் அளந்தால், அமெரிக்காவின் செக்ரட்டேரியட்டுக்கு முதலிடம் கிடைக்காது. ஓடிய 21 பந்தயங்களில் அது வென்றது 16. தோல்வியே காணாமல் ஓய்வுபெற்ற குதிரைகள் உண்டு. ஆனாலும் முதலிடம் இதற்குத்தான் என்பேன். காரணம், அது ஓடிய நேரம். 1973 கென்டக்கி டெர்பியில் ஒவ்வொரு கால் மைலையும் அதற்கு முந்தையதைவிட வேகமாகக் கடந்தது. முதல் கால் மைலுக்கு 25.2 விநாடி, கடைசிக் கால் மைலுக்கு வெறும் 23. மற்ற குதிரைகள் களைத்துப்போகும் இடத்தில் இதற்கு வேகம் கூடியிருக்கிறது!

ஐந்து வாரம் கழித்து பெல்மான்ட் பந்தயத்தில் 31 குதிரை நீள இடைவெளியில் வென்று, மூன்று பெரும் பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வெல்லும் குதிரைக்கு உரியதும், 25 ஆண்டுகளாக எந்தக் குதிரைக்கும் கிட்டாததுமான மும்மகுடத்தைச் சூடியது. ஓடியவை ஐந்தே குதிரைகள், இதில் போட்டி எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 விநாடியில் கடந்ததற்கு எதிராளிகளின் பலவீனம் காரணமாகாது. தொடக்கத்தில் ஈடுகொடுத்து ஓடிய ஷாம் என்ற நல்ல குதிரை, கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. மண் தடத்தில் அந்த நேரத்தை இன்றுவரை எந்தக் குதிரையும் முறியடிக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், அதிகம் பேசப்படாத ஆனியன் என்ற குதிரையிடம் தோற்றதே என்பார்கள். தோற்றது உண்மை, அப்போது அதற்கு உடல்நலமும் சரியில்லை. தேறி வந்து, செப்டம்பரில் மார்ல்பரோ கோப்பையை உலக சாதனை நேரத்தில் வென்றது. அன்று அதனிடம் தோற்ற குதிரைகளில் ஆனியனும் ஒன்று.