லென்ஸைக் காப்பது எப்படி?



உம்மா வாப்பாவின் முதுமை முகம், குழந்தையின் முதல் நடை, சகோதரியின் திருமண நாள் ஆகியவை நம் இல்லங்களில் படங்களாகவே நிலைத்து நிற்கின்றன. அப்படங்களை எடுத்துத் தரும் கேமராவின் கண், அதன் லென்ஸ். அந்த லென்ஸைப் பாழாக்குவது பெரும்பாலும் தூசி அன்று. தூசியைத் துடைக்க நாம் காட்டும் அவசரமே ஆகும்.

காரணத்தைச் சற்றே ஆராய்வோம். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. லென்ஸினுள் பல கண்ணாடிகள் அடுக்கப்பட்டிருப்பதால் இவ்விழப்பு பெருகிப் படம் மங்கும். இதற்குத் தீர்வாக, ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மக்குலா என்னும் அறிஞர், 1935ஆம் ஆண்டில் கண்ணாடிமீது மெல்லிய பூச்சு ஏற்றும் முறையைக் கண்டறிந்தார். லென்ஸைச் சாய்த்துப் பார்க்கையில் நீலமும் ஊதாவுமாய் மின்னுவது அப்பூச்சே. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறே அத்தகைய படலம் ஒன்றின் பருமன்!

காற்றில் பறந்து வரும் தூசியிலோ மணல் துகள்களும் கலந்திருக்கின்றன. மணலிலுள்ள குவார்ட்ஸ் கண்ணாடியை விடக் கடினமானது. சட்டை முனையாலோ முந்தானையாலோ லென்ஸைத் தேய்க்கும்போது, துணி அத்துகள்களை இழுத்துச் சென்று கீறல் போடுகிறது. விழுந்த கீறலை எத்திரவத்தாலும் அழிக்க இயலாது.

எனவே, முதலில் காற்று, இறுதியில் துணி என்பதை நினைவிற் கொள்ளுங்கள். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, ரப்பர் ஊதியால் தூசியை அகற்றுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். எஞ்சியதை மென்மையான பிரஷ்ஷால் நீக்குங்கள். பிரஷ்ஷின் மயிரை விரலால் தொட்டால் எண்ணெய்ப் பசை ஒட்டும். கைரேகை இருந்தால் மட்டுமே துணியை நாடுங்கள். லென்ஸ் துடைக்கும் திரவத்தில் ஒரு துளியைத் தூய மைக்ரோஃபைபர் துணியில் இடுங்கள். லென்ஸின்மீது நேராக ஊற்றினால் அது விளிம்பின் வழியே உள்ளே இறங்கிவிடும். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி, வட்டமாக, அழுத்தாமல் துடையுங்கள். அம்மோனியா கலந்த ஜன்னல் கண்ணாடித் திரவமும் நகப்பூச்சு நீக்கியும் அறவே கூடாது.

முன்பக்கத்தில் திருகப்படும் யூ.வி. ஃபில்டர் ஒரு காவலன். கீறல் விழுந்தால் அதனை மாற்றுவது எளிது. லென்ஸை மாற்றுவதோ பெருஞ்செலவு. ஃபில்டர் இறுகிக் கொண்டால் குறடால் திருகாதீர்கள். அதன் விளிம்பைச் சுற்றி அகலமான ரப்பர் வளையத்தை மாட்டிச் சீராகத் திருப்பினால் கழன்று வரும்.

கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வாழ்வோருக்கு மற்றொரு பகை உண்டு. அது பூஞ்சை. ஈரமும் இருளும் நிறைந்த அலமாரியில் தோல் உறையோடு பல மாதங்கள் பூட்டி வைத்த லென்ஸினுள், சிலந்தி வலை போல் இழைகள் படரும். அவை சுரக்கும் அமிலம் பூச்சையும் கண்ணாடியையும் அரித்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளுடன் கேமராவை வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறினால் ஈரம் நிறைந்துவிட்டது என்பது பொருள், உடனே மாற்றுங்கள். அவ்வப்போது வெளியே எடுத்து உபயோகிப்பதும் நன்று.

குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே செல்லும்போது, கேமராவைப் பாலித்தீன் பையில் இறுக மூடிச் சுமார் அரை மணி நேரம் வைத்திருங்கள். நீர்த்துளிகள் பையின்மீது படியும்; லென்ஸ் தப்பிக்கும்.

சிறு தூசி ஓரிரண்டு இருந்தால் படம் கெடுவதில்லை. ஆகவே அடிக்கடி துடைக்கும் பழக்கத்தை விடுங்கள். பேரப் பிள்ளைகளின் முகங்களையும் அதே லென்ஸ் தெளிவாகக் காட்டும்!