துருவில் நனைத்த சட்டை

எம்.கே.பி. நகர் ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கும் அண்ணன்களைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒருவர் ரஜினி ரசிகர், இன்னொருவர் விஜய் ரசிகர். ஒருவருக்குப் பிடித்தது கேரம், இன்னொருவருக்குக் கால்பந்து. சட்டை மட்டும் ஒரே நிறம், காக்கி! ஸ்டேஷனில் நிற்கும் போலீஸ்காரரும் அதே நிறம்தான். வடசென்னையில் காக்கியைப் பார்க்காமல் ஒரு தெருவைத் தாண்டுவது கஷ்டம்.

இது எங்கிருந்து வந்தது? இங்கிலாந்திலிருந்து வந்த உடை என்று பெரியவர்கள்கூடச் சொல்வார்கள். உண்மையில் இந்தப் பக்கம் பிறந்து அந்தப் பக்கம் போனது.

1846-இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி ஒரு படைப்பிரிவைத் தொடங்கினார். அப்போது ஆங்கிலேயச் சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டுதான் பெருமை. ஆனால் வறண்ட மலையில் சிவப்புக் கோட்டு போட்டால், 'இதோ நிற்கிறேன், சுடு' என்று சொல்வதுபோல ஆகிவிடுமே! அதனால் லம்ஸ்டன் தன் ஆட்களுக்கு மண் நிறத்தில் உடை கொடுத்தார். பத்து வருஷம் கழித்து, 1857 போரின்போது, வெள்ளை உடுப்பு போட்டிருந்த மற்ற சிப்பாய்களும் அதைச் சேற்றிலும் டீத்தண்ணீரிலும் முக்கி மண் நிறமாக்கிக்கொண்டார்கள்.

ஆனால் டீச்சாயம் எத்தனை நாள் நிற்கும்? நாலு துவைப்பு, நல்ல வெயில், அவ்வளவுதான். ஒருவர் சட்டை மஞ்சளாகும், பக்கத்தில் நிற்பவர் சட்டை சாம்பலாகும். இந்தச் சிக்கலை இங்கிலாந்தின் துணி ஆலை ஊர்களில் ஒன்றான அக்ரிங்டனில் தீர்த்தார்கள். பிரெடரிக் கேட்டி என்பவர் 1884-இல் காக்கிச் சாயத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் கையில் எடுத்தது பூவோ வேரோ இலையோ இல்லை. உலோகம்!

செய்முறை இதுதான். இரும்பு உப்பும் குரோமியம் உப்பும் கரைந்த நீரில் பருத்தித் துணியை ஊற விடுவார்கள். உப்பு நீரில் கரைந்திருப்பதால் இழைக்குள் தாராளமாக நுழைந்துவிடும். பிறகு துணியைச் சோடா போன்ற காரக் கரைசலில் போடுவார்கள். உடனே அந்த உலோகங்கள் நீரில் கரையாத திடப்பொருளாக மாறிவிடும், அதுவும் இழைக்கு உள்ளேயே. பால் துணி வழியே ஓடிவிடும், திரிந்த பால் ஓடுமா? தங்கிவிடும். இங்கேயும் அதே கதைதான். உள்ளே போனது வெளியே வர முடியாது. காற்றுப் பட்டதும் இரும்பு துருவாகிப் பழுப்பு நிறம் தரும். குரோமியம் பச்சை தரும். பழுப்பும் பச்சையும் கலந்தால் காக்கி.

சாதாரணச் சாயங்கள் ஏன் வெளுக்கின்றன? வெயிலின் ஒளி அவற்றின் மூலக்கூறுகளை உடைக்கிறது. துரு ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்து முடித்த பொருள். வெயில் அதை என்ன செய்யும்? குளிக்கப்போனவனை மழை பயமுறுத்த முடியாது! ஒரு குறை மட்டும் உண்டு. இழைக்குள் உலோகத் துகள் இருப்பதால் துணி விறைப்பாகும், தையல் ஊசி சீக்கிரம் தேயும். இப்போது வரும் காக்கி பெரும்பாலும் வேறு சாயங்களில் தயாராகிறது. தையல்காரர்களுக்கு நிம்மதி.

எம்.கே.பி. நகரிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகும் தூரத்தில், புளியந்தோப்பு, பட்டாளம் பக்கம், ஒரு காலத்தில் பின்னி மில் இருந்தது. பக்கிங்காம், கர்நாடிக் என்று இரண்டு ஆலைகள், 1920-இல் ஒன்றாயின. பக்கிங்காம் கால்வாய்க்குப் பெயர் கொடுத்த அதே கவர்னர் பெயர்தான் ஆலைக்கும். இந்த மில்லின் காக்கி 'டிரில்' துணி ராணுவத்துக்கும் போலீசுக்கும் போனது. டிரில் துணியை உற்றுப் பார்த்தால் சாய்வான கோடுகள் தெரியும். சாதாரண நெசவில் ஊடு நூல் ஒரு பாவு நூலுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று போகும். டிரில்லில் ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று நூலைத் தாண்டும், ஒவ்வொரு வரிசையிலும் ஒரு நூல் தள்ளித் தாண்டும். அதனால் நூல்களை நெருக்கமாக அடுக்க முடிகிறது, துணி கனமாகவும் உறுதியாகவும் வருகிறது. உங்கள் ஜீன்ஸும் இதே குடும்பம்தான்.

அந்தத் துணியை நெய்தவர்கள் நீண்ட நேரம் உழைத்தார்கள், சாப்பாட்டு இடைவேளையோ குறைவு. 1918 ஏப்ரல் 27 அன்று அவர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க.வும் உடன் நின்றார். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று இதைச் சொல்வார்கள். 1996-இல் மில் மூடப்பட்டது.

சரி, காக்கிச் சாயம் வந்த காலத்தில் ஐரோப்பாவில் என்ன நடந்தது? புகையில்லாத வெடிமருந்தும் தொலைதூரத் துப்பாக்கியும் வந்துவிட்டதால் பளிச்சென்ற உடை ஆபத்தானது. ஆங்கிலேயப் படை 1902-இல் தன் நாட்டிலும் காக்கிக்கு மாறியது. பிரெஞ்சுக்காரர்கள் பிடிவாதமாக 1914-இல் சிவப்புக் கால்சட்டையோடு போருக்குப் போனார்கள். அடி வாங்கிய பிறகுதான் நிறத்தை மாற்றினார்கள். போரில் அதிகாரிகள் அணிந்த நீளமான 'டிரெஞ்ச் கோட்டு', போர் முடிந்தபின் நகரத்து ஆண்களின் நாகரிக உடையானது. அதற்குரிய கேபர்டின் துணியை 1879-இல் உருவாக்கியவர் தாமஸ் பர்பெரி. அதுவும் சாய்கோட்டு நெசவுதான்! பாரிஸில் பேர்போன தையற்கலைஞர்கள் எத்தனையோ உடை வரைந்தார்கள். பெரும்பாலானவை இன்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மண் நிறக் கால்சட்டை மட்டும் உலகம் முழுக்க நடக்கிறது. ஃபேஷனில் யார் கெட்டிக்காரர் என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, நீங்களும் ஒரு சாயப்பட்டறை வைக்கலாம். குரோமியம் வேண்டாம், அது நச்சு. இரும்பு போதும். பழைய ஆணிகளை வினிகரில் நாலைந்து நாள் ஊறவையுங்கள். அந்த நீரில் வெள்ளைப் பருத்தித் துண்டு ஒன்றை முக்கிப் பிழியுங்கள். பிறகு பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கையுறை போட்டு, சலவைச் சோடா கரைத்த நீரில் அமிழ்த்துங்கள். நுரை வரும், துணி அழுக்குப் பச்சையாகும். வெளியே எடுத்துக் காற்றில் காயப்போடுங்கள். மெல்ல மெல்லப் பழுப்பேறும். சோப்பு போட்டுத் துவைத்துப் பாருங்கள், நிறம் எவ்வளவு நிற்கிறது என்று எங்களுக்கு எழுதுங்கள். ஸ்கூல் சட்டையில் மட்டும் செய்யாதீர்கள், இந்தச் சாயம் லேசில் போகாது.