கடைக் கம்ப்யூட்டரும் மளிகைத் தூசியும்

மளிகைக் கடையையும் தூசியையும் பிரிக்க முடியாது. சாக்கை அவிழ்த்தால் தூசி, மிளகாயை அளந்தால் நெடி, மாவைக் கட்டினால் கை முழுதும் வெள்ளை. நாற்பது ஆண்டுகளாக மொத்த வியாபாரம் செய்துவரும் நமக்கு இது பழகிப்போன சங்கதி. தராசைத் துடைத்தோம், படியைத் துடைத்தோம், கல்லாவைத் துடைத்தோம். மேஜைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியை மட்டும் மூன்று ஆண்டுகள் திறந்தே பார்க்கவில்லை. அதற்கு நாம் கொடுத்த விலையை நம் வணிகச் சகோதரர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

எங்கள் கடை அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் பாதையிலும் பௌர்ணமிதோறும் ஜனக்கூட்டம். பாதையோரக் கடைக்காரர்கள் முதல் நாளே சரக்கெடுக்க வந்துவிடுவார்கள். அப்படி ஒரு பௌர்ணமிக்கு முந்தைய நாள், பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. மறுபடி போட்டால் ஓடும். அரை மணியில் மீண்டும் அணையும். கரண்ட் கோளாறு என்று எண்ணி யூ.பி.எஸ். பேட்டரியை மாற்றினோம். பணம் போயிற்றே தவிர நோய் தீரவில்லை.

பணம் போனதுகூடப் பெரிதல்ல. டீக்கடைக்காரர் ஒருவர் கட்டிய தொகையைப் பற்று வரவில் ஏற்றும் நேரத்தில் பெட்டி அணைந்திருக்கிறது, வரவு பதிவாகவில்லை. மாதக் கடைசியில் அவரிடம் அதே பாக்கியை மறுபடி கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்து, “முதலாளி, இது உங்க கையெழுத்துதானே?” என்று மட்டும் கேட்டார். இருபது வருஷ வாடிக்கைக்காரர். அன்று நாம் அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

பிறகு மெக்கானிக்கை வரவழைத்துப் பெட்டியைத் திறந்தோம். உள்விசிறிக்கும் அதன் கீழுள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு விரித்ததுபோல் தூசி படிந்திருந்தது. சணல் நூல், மாவு, மஞ்சள் தூள், சாம்பிராணிப் புகைக் கரி எல்லாம் சேர்ந்து இறுகிப் போயிருந்தன.

தூசி செய்யும் வேலை

கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர், வேலை செய்யும்போது சூடாகும். அந்தச் சூட்டை அலுமினியத் தகடுகள் வாங்கிக்கொள்ள, விசிறி காற்றை ஊதி அதை வெளியேற்றுகிறது. தகடுகளின் இடுக்கு அடைத்துக்கொண்டால் விசிறி எவ்வளவு சுற்றினாலும் பயனில்லை. முதலில் விசிறியின் இரைச்சல் கூடும். அடுத்து, பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். பில் மெதுவாக வரும். பெரும்பாலான பிராசசர்களுக்கு 100 டிகிரி செல்சியஸ் அளவுதான் எல்லை. அதையும் தாண்டும் நிலை வந்தால் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். ஆகவே இரைச்சல் கூடும்போதே விழித்துக்கொள்ள வேண்டும். அக்கினி நட்சத்திர நாட்களில் கடைக்குள் இருக்கும் காற்றே சூடாக இருப்பதால் இந்தத் தொல்லை விரைவில் தலைகாட்டும்.

வைக்கும் இடம்

தரையில் வைக்கவே கூடாது. பெருக்கும் தூசியும் சாக்கு நூலும் தரையை ஒட்டித்தான் அதிகம். இரண்டடி உயரமான பலகைமேல் வைத்தால் பாதித் தொல்லை குறையும். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே நாலைந்து அங்குல இடைவெளி வேண்டும். மாவு, மிளகாய்த்தூள் கட்டும் இடம் கம்ப்யூட்டருக்கு எதிர்க் கோடியில் இருக்கட்டும். மின்விசிறிக் காற்று மாவுப் பக்கமிருந்து பெட்டிப் பக்கம் வீசாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சாமி படத்துக்குக் காட்டும் சாம்பிராணியும் கற்பூரமும் சற்றுத் தள்ளியே இருக்கட்டும். புகைக் கரி பிசுபிசுப்பாகப் படிந்து மற்றத் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கடையைப் பெருக்கி முடித்த பிறகே கம்ப்யூட்டரைப் போடுங்கள்.

காற்றின் வழி

விலை குறைந்த பெட்டிகள் பலவற்றில் காற்றை வெளியே தள்ளும் விசிறி மட்டுமே இருக்கும். ஒரு அறையில் காற்றை வெளியே இழுக்கும் விசிறியை மட்டும் போட்டால் என்ன ஆகும்? கதவிடுக்கு, ஓட்டிடுக்கு எல்லாவற்றின் வழியாகவும் வெளிக்காற்று உள்ளே புகும். கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். இதற்கு மாற்று, முன்புறம் காற்றை உள்ளே இழுக்கும் விசிறி ஒன்று பொருத்தி, அதன் முன் மெல்லிய வலை வடிகட்டி போடுவது. உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடச் சற்று அதிகமாக இருந்தால், இடுக்குகளின் வழியே காற்று வெளியேதான் போகும்; தூசி உள்ளே நுழையாது. ஆனால் வலை அடைத்துக்கொண்டால் இந்த ஏற்பாடே வீண். ஆகவே பதினைந்து நாளுக்கு ஒருமுறை வலையைக் கழற்றி, தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்துப் போட வேண்டும். வலைக்குப் பதில் தடித்த துணியைக் கட்டினால் காற்றே வராது.

பின்புறம் மூடி இல்லாத சந்துகளைத் தகடு போட்டு அடைத்துவிடுங்கள். மளிகைக் கடையில் கரப்பானும் பல்லியும் புகுந்துகொள்ள அதுவே வழி.

சுத்தம் செய்யும் முறை

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, யூ.பி.எஸ். இணைப்பையும் கழற்றுங்கள். பிறகு சுவிட்சை ஒருமுறை அழுத்தினால் எஞ்சிய மின்சாரம் இறங்கும். பெட்டியைக் கடைக்கு வெளியே எடுத்துச் சென்று பக்கவாட்டு மூடியைத் திறங்கள். உள்ளே கை வைக்குமுன் பெட்டியின் இரும்புப் பகுதியைத் தொடுங்கள். மிருதுவான பெயின்ட் பிரஷ்ஷும் சிறு புளோயரும் போதும். ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் கெட்டுவிடும். வாரண்டி முத்திரை இருந்தால் நீங்களே பிரிக்காமல் விற்றவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

செய்யக் கூடாதவை

ஈரத்துணியால் உள்ளே துடைக்கக் கூடாது. வாயால் ஊதக் கூடாது. எச்சில் ஈரம் படியும். பங்க்சர் கடைக் காற்றைப் பிடிக்கக் கூடாது. அதில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். பவர் சப்ளை பெட்டியைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். ஓடும் கம்ப்யூட்டரைத் தூசிக்குப் பயந்து பிளாஸ்டிக் உறையால் மூடக் கூடாது. அணைத்துச் சூடு ஆறிய பிறகு மூடலாம்.

2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தபின் நம் கணக்கில் பெரும்பகுதி இந்தப் பெட்டிக்குள் போய்விட்டது. கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் கெடு முடிந்து 72 மாதங்கள் வரை காப்பாற்றி வைக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே தினமும் கடை கட்டுமுன் ஒரு பிரதியைத் தனியாக எடுத்து வையுங்கள். தூசியைத் துடைத்துவிட்டோம் என்று இதை விட்டுவிட வேண்டாம்.

இப்போது எங்கள் கடையில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கு முந்தைய நாளும் தராசோடு சேர்த்து வலையும் கழுவப்படுகிறது. ஆகும் நேரம் கால் மணி. கம்ப்யூட்டர் அதன்பின் நடுவில் அணைந்ததில்லை. டீக்கடைக்காரர் இன்றும் நம்மிடம்தான் சரக்கெடுக்கிறார். பணம் கட்டியதும் சீட்டு வாங்க அவர் மறப்பதில்லை; கொடுக்க நாமும் மறப்பதில்லை.