மீண்டும் கல்லாகும் சுண்ணாம்பு

பினாங்கு ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளைப் பழுதுபார்க்கும் விவரமறிந்த கொத்தனார் சிமெண்டைத் தொடமாட்டார், சுண்ணாம்பைத்தான் குழைப்பார். செங்கல்லில் ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே வெளியேறிவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். அதே சுண்ணாம்புதான் புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசலில், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு தாமரைக் குள ஓவியத்தைக் கூரையில் தாங்கி நிற்கிறது.

அங்குள்ள அறிவர் கோயில் சமணர்களின் குடைவரை, அதாவது மலையைக் குடைந்தே உண்டாக்கிய கோயில். கட்டும் கோயிலில் கல்லைச் சேர்ப்பார்கள். இங்கே கல்லைக் கழித்துக்கொண்டே போகவேண்டும். உளி தவறித் தூண் உடைந்தால் வேறு தூண் வைக்க வழியில்லை. துருக்கியின் கப்படோக்கியாவில் இடைக்காலக் கிறித்தவர்கள் தேவாலயங்களைக் குடைந்தது எரிமலைச் சாம்பல் இறுகிய மென்பாறையில். சித்தன்னவாசல் சிற்பிகளுக்கு வாய்த்ததோ உளியை மழுக்கும் கடும்பாறை.

அந்தப் பாறைமேல் நேரடியாகத் தீட்டினால் வண்ணம் நிலைக்காது. அதனால் மணல் கலந்த சுண்ணாம்புச் சாந்தைப் பூசி, அதன்மேல் சுண்ணாம்பை மெல்லத் தடவினார்கள். இரண்டும் சேர்ந்து ஒரு தோசையின் கனம்தான். இனி நடப்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. 100 கிலோ சுண்ணாம்புக்கல்லை நன்றாகச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். மிஞ்சுவதில் நீர் ஊற்றிக் குழைத்துச் சுவரில் பூசினால், இழந்த வாயுவைக் காற்றிலிருந்து சிறிது சிறிதாகத் திரும்ப வாங்கிக்கொண்டு அது மறுபடியும் கல்லாகிறது. சித்திரக்காரர்கள் விட்ட மூச்சிலும் ஒரு துளி அங்கே இறுகியிருக்கும்! அப்படி இறுகும் சுண்ணாம்பே வண்ணத் துகள்களையும் பற்றிக்கொள்கிறது, சுண்ணாம்பே பசை.

ஆனால் ஈரச் சுண்ணாம்புக்குக் காரம் அதிகம். பூச்சாறு, இலைச்சாறு நிறங்களில் பெரும்பாலானவை அதில் வெளிறிவிடும். காவிக்கல்லின் சிவப்பும் மஞ்சளும் இரும்புச் சேர்மங்கள். காரம் அவற்றை ஒன்றும் செய்யாது. கரியின் கறுப்பும் அப்படியே.

9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. கூரைக் குளத்தில் மீன்கள், வாத்துகள், எருமைகள், யானைகள்; நடுவே தாமரை கொய்யும் ஆடவர். மகாவீரர் போன்ற தீர்த்தங்கரரின் உபதேச மண்டபத்தைச் சூழ்ந்ததாகச் சமணர் போற்றும் குளம் இது என்பார்கள். சுவரோவியங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. கூரையிலும் தூண்களின் மேற்பகுதியிலும் உள்ளவையே மிச்சம். வெயிலும் மழையும் நேரே உள்ளே அடிக்காதிருக்க, 20ஆம் நூற்றாண்டில் குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து முன்னால் ஒரு மண்டபம் எழுப்பினார்கள்.