ஓட்டுத் தையலில் ஒரு போர்வை

குவில்ட் என்றதும் நம் கண்முன் வருவது அதன் மேல்பக்கம்தான்: சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சதுரம் சதுரமாக ஒட்டுப் போட்ட துணி. பார்க்க அழகு அதுவே என்பதால் படங்களும் புத்தகங்களும் அதைத்தான் காட்டுகின்றன. ஆனால் ஒரு ஒட்டுக்கூட இல்லாமல் முழுத் துணியிலேயே செய்த குவில்ட்டுகள் ஏராளம் உண்டு. அடுக்குகளை நூலால் பிணைக்காத குவில்ட் கிடையாது. அடுக்கி வைத்த துணிகளை மேலும் கீழுமாக ஊடுருவிப் போகிறதே ஒரு நூல், அதுதான் இந்தக் கைவேலையின் உயிர்.

பேத்திக்கோ மகனுக்கோ கையாலேயே ஒன்று தைத்துக் கொடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். துண்டு வெட்டுவதிலும் நிறம் சேர்ப்பதிலும் உற்சாகமெல்லாம் தீர்ந்துபோய், அடுக்கித் தைக்க வேண்டிய கட்டத்தில் அலமாரிக்குள் மடித்து வைக்கப்படும் மேல்துணிகள் மிக அதிகம்.

குவில்ட்டுக்கு வழக்கமாக மூன்று அடுக்கு: மேல்துணி, நடுவில் தகடுபோல் பரப்பிய பஞ்சு, அடித்துணி. போர்வை தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. உடம்பின் சூடு வெளியேறாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். அந்த வேலையைச் செய்வது பஞ்சைவிட, பஞ்சின் இழைகளுக்கிடையே சிக்கி நிற்கும் காற்று. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். அசையத் தொடங்கினால் சூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அடுக்குகளை வெறுமனே மேலே மேலே போட்டு ஓரத்தை மட்டும் தைத்தால், நான்கு தடவை துவைப்பதற்குள் பஞ்சு திரண்டு ஒரு மூலையில் உருண்டுகொள்ளும். மற்ற இடமெல்லாம் வெறும் துணி. குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தையல்தான் பஞ்சைச் சிறு சிறு அறைகளுக்குள் நிறுத்தி வைக்கிறது. வரிசைகளை மிக நெருக்கமாக ஓட்டினால் பஞ்சு அமுங்கிக் காற்று குறையும். போர்வை உறுதியாகும், கதகதப்பு சற்றுக் குறையும். அகலமாக ஓட்டினால் மெத்தென்று இருக்கும், பஞ்சு நகரும். கடையில் விற்கும் குவில்ட் பஞ்சின் உறையிலேயே தையல் வரிசைகளுக்கு நடுவே எத்தனை அங்குலம்வரை விடலாம் என்று போட்டிருப்பார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதைப் படிக்காமல் விடக் கூடாது.

தையல் என்றால் என்ன தையல்? பள்ளிக்கூடத்தில் கைத்தையல் வகுப்பில் முதல் நாள் சொல்லித் தரும் ஓட்டுத் தையல்தான். கை தேர்ந்தவர்கள் அங்குலத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு தையல்வரை போடுவார்கள். அந்த எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பொடியாக இருப்பதைவிட ஒரே அளவாக இருப்பதுதான் கண்ணுக்கு நிறைவு. இதற்கென்று நீளம் குறைந்த ஊசி உண்டு. பிட்வீன்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். எண் கூடக் கூட ஊசி சிறிதாகும். துணிக்கு அடியில் ஒரு கை. அந்தக் கையின் விரல் நுனியில் ஊசிமுனை இலேசாகப் பட்டதும் அதை மேலே திருப்பிவிட வேண்டும். மேல்கையின் நடுவிரலில் தையல்காரர்கள் போடும் உலோகக் குப்பியை மாட்டி ஊசியின் அடியைத் தள்ள வேண்டும். ஊசி இப்படி மேலும் கீழும் ஆடி ஆடி மூன்று நான்கு தையலை ஒரே மூச்சில் கோத்துக்கொள்ளும். அதன் பிறகுதான் நூலை இழுப்பது. இந்த ஆட்டம் விரலுக்குப் பிடிபடச் சில நாள் ஆகும். பிடிபட்டபின் கண்ணும் மனமும் வேறு எங்காவது இருந்தாலும் கை அதன்பாட்டுக்குப் போகும்.

முடிச்சு வெளியே தெரியக் கூடாது. நூல் நுனியில் சின்ன முடிச்சுப் போட்டு, தொடங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி மேல்துணியில் மட்டும் ஊசியை இறக்கி, தொடங்கும் புள்ளியில் வெளியே எடுத்து, வெடுக்கென்று ஓர் இழுப்பு. ‘டொப்’ என்று மெல்லிய சத்தத்தோடு முடிச்சு துணியைத் தாண்டிப் பஞ்சுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். இந்த ஒரு சத்தத்துக்காகவே குவில்ட் தைக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் மேல்துணியை முதலில் தனியே முடித்துவிடுவார்கள். துண்டு வெட்டி, கால் அங்குலம் ஓரம் விட்டு, ஒன்றோடொன்று இணைப்பது. இதில் பிசகு ஒன்றோடொன்று கூடிக்கொண்டே போகும் என்பதைக் கவனிக்க வேண்டும்: ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு மில்லிமீட்டர் தவறினால், இருபது இணைப்புள்ள வரிசை இரண்டு சென்டிமீட்டர் குறைந்து நிற்கும், பக்கத்து வரிசையோடு பொருந்தாது. துணியைப் பாவு நூல் போகும் திசையில் வெட்டினால் இழுபடாது. தையல்காரர்கள் ‘கிராஸ்’ என்பார்களே, அப்படி மூலைவாட்டமாக வெட்டிய ஓரம் கையில் எடுத்தாலே நீளும். அதனால்தான் புதியவர்கள் முக்கோணத்தில் தொடங்காமல் சதுரத்தில் தொடங்குவது நல்லது.

நம் துணைக்கண்டத்து வழி வேறு. இங்கே பஞ்சுத் தகடு இல்லாமல் தைக்கும் வழக்கங்கள் பல. வங்காளத்துக் காந்தா, பழைய பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைப்பது. தைக்கும் நூலையும் அந்தச் சேலைகளின் கரையிலிருந்தே உருவி எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. காந்தாவைத் தொட்டால் நீர்ப்பரப்பில் காற்று வீசியதுபோன்ற சிற்றலைகள் விரலில் படும். ஒவ்வொரு தையலிலும் நூல் இழுபட்டுத் துணி சற்றே சுருங்குகிறது. சுருங்கிய துணிக்குப் போக வேறு இடமில்லை. வரிசைகளுக்கு நடுவே மேலெழுகிறது. மெல்லிய இரண்டு மூன்று அடுக்குக்குள் காற்றைப் பிடித்து வைப்பது அந்த மேடுகள்தாம்.

ஆனால் வீட்டில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது காந்தாவைக்கூட அல்ல, கவந்தியை. வட கர்நாடகத்தில், உத்தர கன்னட மாவட்டத்து எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கத்துக் காட்டோர ஊர்களில் சித்திகள் வாழ்கிறார்கள். போர்த்துக்கீசியர் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள் இவர்களில் பலர். அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். ஆப்பிரிக்கக் கலை ஆய்வாளர் ஹென்றி ட்ரூவல் இவர்களோடு பழகி எழுதிய பிறகு வெளியுலகம் இதைக் கவனித்தது. ஊரிலோ அது எப்போதும் பேரப்பிள்ளைகளுக்காக, வீட்டில் படுக்கிறவர்களுக்காகத் தைக்கப்பட்ட பண்டம்தான்.

கவந்தியில் மேல்துணி என்று முன்கூட்டியே எதுவும் கிடையாது. ஒரு பழைய சேலையை அடித்துணியாகத் தரையில் விரித்து, ஒரு மூலையில் உட்கார்ந்து தொடங்குகிறார்கள். வெட்டுத்துணி ஒன்றை எடுத்து, ஓரத்தை உள்ளே மடித்து வைத்து, விளிம்பை ஒட்டி ஓட்டுத் தையல் போடுகிறார்கள். அடுத்த துண்டு முதல் துண்டின் பிசிர் தெரியும் ஓரத்தை மறைத்துக்கொண்டு உட்காரும். அதன் மேலும் தையல் ஓடும். இப்படியே விளிம்பு முழுவதும் சுற்றி வந்து, திரும்ப உள்வட்டம், அதற்கும் உள்வட்டம் என்று நடுவை நோக்கி வருவது. ஒட்டுப் போடுவதும் அடுக்குகளைப் பிணைப்பதும் ஒரே தையலில் முடிந்துபோகின்றன. அளவுகோல் வேண்டாம், சட்டம் வேண்டாம், தையல் மெஷின் வேண்டாம். எந்தத் துண்டு எங்கே வரும் என்று முதலில் யாருக்கும் தெரியாது. கைக்கு வந்த துண்டும் அந்த நேரத்து ரசனையும் முடிவு செய்யும். முடித்தபின் புரட்டிப் பார்த்தால் அடிச்சேலையில் தையல்கோடு மட்டும் சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போகும். என் கண்ணுக்கு மேல்பக்கத்தைவிட அந்தப் பின்பக்கம்தான் அழகு.

நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாகப் பல மடிப்பு மடித்துச் செருகித் தைப்பார்கள். அதற்குப் பூலா, அதாவது பூ என்று பெயர். பூ வைக்காத கவந்தியை உடுப்பில்லாமல் நிற்பதாகவே அவர்கள் நினைப்பார்கள். கிறிஸ்தவச் சித்திப் பெண்கள் சிலர் சிலுவையையும் முஸ்லிம் பெண்கள் சிலர் பிறையையும் துண்டுகளுக்கு நடுவே வைப்பதுண்டு. குழந்தைகளுக்கான சின்னக் கவந்தியில் பளிச்சென்ற பொடித் துண்டுகள் நிறைய இருக்கும்.

துணிக்கு எங்கே போவது? நம் வீட்டு அலமாரிக்குத்தான். பிறந்த பிள்ளையைப் பாட்டியின் பழைய நூல் சேலையில் ஏந்துவதும், தொட்டில் கட்டுவதும் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பலமுறை துவைத்த பருத்தியில் கஞ்சி போயிருக்கும், சாயம் போக வேண்டியது போயிருக்கும், சுருங்க வேண்டியதும் சுருங்கி முடிந்திருக்கும். புதுத் துணியோடு கலந்து தைப்பதானால் புதியதைத் தனியே ஒருமுறை நனைத்து உலர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவையலில் சிவப்புச் சாயம் வெள்ளைத் துண்டில் இறங்கிவிடும். சேலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மடிப்பு விழுந்த கோடுகளிலும் உட்கார்ந்து தேய்ந்த இடத்திலும் இழை விட்டிருக்கும், அங்கே வெட்டாதீர்கள். பட்டும் ஜரிகையும் வேண்டாம். ஜரிகை உறுத்தும், பழைய பட்டு மடிப்பில் விண்டுபோகும். நைலக்ஸ் வகைகள் ஊசியில் வழுக்கும், போர்த்தினால் வியர்க்கும். நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சும் வேண்டாம். இரண்டு சேலை அடுக்கினாலே ஏசி அறைக்கும் மார்கழி இரவுக்கும் போதும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் நடுவில் பழைய ஃபிளானல் துணி ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பண்டம் குடும்பத்துக்குள் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஓர் ஊரைச் சொல்ல வேண்டும். அலபாமா ஆற்றின் வளைவுக்குள் இருக்கும் கீஸ் பெண்ட். பருத்தித் தோட்டத்து அடிமைகளின் சந்ததியினர் வாழும் ஊர். குளிர் புகும் மரவீடுகளில், கையில் இருந்த கந்தல்களையும் மாவுச் சாக்குகளையும் வைத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் குவில்ட் தைத்தார்கள். 1966-ல் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கி விற்கவும் செய்தார்கள். 2002-ல் அந்தக் குவில்ட்டுகள் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரேறின. 2006-ல் அமெரிக்க அஞ்சல் தலைகளாக வந்தன.

கீஸ் பெண்ட் குவில்ட்டுகளில் ஒன்றை மிஸூரி பெட்வே 1942-ல் தைத்தார். கணவர் இறந்துவிட்டார். அவருடைய வேலை உடுப்புகளைப் பிரித்தெடுத்து, கால்சட்டைத் துணியையும் சட்டைத் துணியையும் நீண்ட பட்டைகளாகச் சேர்த்து ஒரு போர்வை. சாயம் வெளுத்த நீலம், பழுப்பு, சாம்பல். அவர் நினைவாக அதைப் போர்த்திக்கொள்ளத்தான் தாய் தைத்தார் என்று மகள் அர்லோன்ஸியா பின்னாளில் சொன்னார். அது இன்று வாஷிங்டனிலுள்ள தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. வாங்கி வந்த புதுத் துணியில் எவ்வளவு நுணுக்கமாகத் தைத்தாலும் அந்தப் போர்வை வராது. துணி முதலிலேயே ஒருவர் உடம்பில் இருந்திருக்க வேண்டும். அதனால் பரிசாகத் தைப்பவர்கள் கடையில் குவில்ட் துணி தேடி அலைவதற்கு முன், வாங்கிக்கொள்ளப் போகிறவருக்கு வேண்டியவர்களின் துணியைக் கேட்டு வாங்குங்கள்: தாத்தாவின் கட்டம் போட்ட லுங்கி, பெரியம்மாவின் சுங்குடிச் சேலை, பள்ளிச் சீருடை. சுங்குடியின் புள்ளி சின்னத் துண்டிலும் அடையாளம் தெரியும்.

குழந்தைக்குத் தைத்தால் ஓர் எச்சரிக்கை. ஒரு வயது முடியாத பிள்ளை தூங்கும்போது குவில்ட்டைப் போர்த்தக் கூடாது, தூங்கும் இடத்தில் போட்டு வைக்கவும் கூடாது. முகத்தில் விழுந்தால் மூச்சு அடைக்கும். விழித்திருக்கும் நேரத்தில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது தரையில் விரித்துக் குப்புறப் படுத்து விளையாட அது அருமையான விரிப்பு. பொத்தான், மணி, சமிக்கி எதுவும் வைக்காதீர்கள். பிடுங்கி வாயில் போடும்.

பெயரும் ஆண்டும் தைத்துவிடுங்கள். யாருக்காக, யார் தைத்தது, எந்த ஊரில். பின்பக்க மூலையில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு போதும். பேனாவால் எழுதாமல் நூலால் எழுதினால் எளிதில் மங்காது. கொல்கத்தா குருசதய் அருங்காட்சியகத்தில் மானதசுந்தரி தாசி என்ற பெண் 19-ஆம் நூற்றாண்டில் தன் தந்தைக்காகத் தைத்த காந்தா இருக்கிறது. அவர் அதை எழுத்தாகவும் அதிலேயே தைத்து வைத்ததால்தான் இன்று அவரைப் பெயர் சொல்லிப் பேச முடிகிறது. அக்காலத்தில் தைத்த பெரும்பாலான பெண்களுக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போயிற்று.

கொடுத்தபின் அதைப் பீரோவில் பூட்டி வைக்க விடாதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் மென்மையான சோப்பில் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் விரித்து உலர்த்தலாம். கொடியில் ஒரே மடிப்பாகத் தொங்கவிட்டால் ஈரத்தின் கனம் தையலை இழுக்கும். ஒரு துண்டு நைந்தால் அதன்மேல் இன்னொரு துண்டு வைத்துத் தைக்கலாம், கவந்தியில் அதற்குக் கணக்கே இல்லை. முழுவதுமே நைந்து போனாலும் எறிய வேண்டியதில்லை. பழைய அமெரிக்கக் குவில்ட்டுகளைப் பழுதுபார்க்கப் பிரிக்கிறவர்கள், சிலவற்றில் நடுவே பஞ்சுக்குப் பதில் அதைவிடப் பழைய குவில்ட் ஒன்று முழுதாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். மேலே ஒரு சேலை, கீழே ஒரு சேலை போட்டு மூலையிலிருந்து மறுபடி தொடங்கலாம்.